பழைய ஃபைபர் படகில் அழுகிய மரத்தை மாற்றுவது: வேலூர் வெயிலில் வேலை செய்பவர்களுக்கான முழு வழிகாட்டி

ஃபைபர் படகு அழுகாது என்று சொல்லித்தான் விற்கிறார்கள். கண்ணாடி இழையும் அதை ஒட்டி இறுக்கும் பிசினான ரெசினும் அழுகாது, அது உண்மை. ஆனால் பழைய ஃபைபர் படகுகள் பலவற்றின் உள்ளே மரம் இருக்கிறது. என்ஜின் தொங்கும் பின்பலகையான டிரான்சம், அடியில் நீளவாக்கில் ஓடும் ஸ்ட்ரிங்கர் கட்டைகள், கால் வைக்கும் தரைப்பலகை ஆகிய மூன்றும் பெரும்பாலும் பிளைவுட் அல்லது மரக்கட்டைதான். மேலே ஃபைபர் தோல் போர்த்தியிருக்கும். அந்தத் தோலில் ஒரே ஒரு ஸ்குரூ ஓட்டை ஒழுங்காக அடைபடாமல் இருந்தால் போதும், தண்ணீர் உள்ளே போய்விடும். போன தண்ணீர் வெளியே வர வழியில்லை. மரம் வருடக்கணக்கில் ஊறி, பூஞ்சை பிடித்து, கடைசியில் கையால் அள்ளும்படி ஆகிவிடும். வெளியே பார்த்தால் படகு நன்றாகத்தான் தெரியும்.

வட ஆற்காட்டுப் பக்கம் இந்தத் தொல்லை கடற்கரையைவிடக் கூடுதலாக வருவதற்குக் காரணம் உண்டு. கடல் தண்ணீரில் இருக்கும் உப்பு, மரத்தை அழுக வைக்கும் பூஞ்சையைக் கொஞ்சம் அடக்கி வைக்கும். நல்ல தண்ணீருக்கு அந்தக் குணம் கிடையாது. காசிமேட்டிலோ பழவேற்காட்டிலோ பழைய படகு வாங்கி, காவேரிப்பாக்கம் மாதிரி ஓர் ஏரிக்குக் கொண்டு வந்தால், அது நல்ல தண்ணீரில் மிதக்கும். ஏரி வற்றியதும் கரையில் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதும் படகுக்குள் தேங்கும். மழைத்தண்ணீர் தேங்கிய படகுதான் சீக்கிரம் அழுகுகிறது. ஏரியில் ஓடுகிற படகைவிட, கரையில் கவனிப்பில்லாமல் கிடக்கிற படகுக்குத்தான் ஆபத்து அதிகம்.

எந்த மாதத்தில் எந்த வேலை

இதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். நம் ஊரில் மே மாதம் 40 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். பிரித்துப் போட்ட படகைக் காய வைக்க அதைவிட நல்ல காலம் கிடையாது. ரெசின் வேலைக்கோ அதைவிட மோசமான காலம் கிடையாது. ரெசின் இறுகும் வேகம், சூடு 10 டிகிரி ஏறினால் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். 25 டிகிரியில் அரை மணி நேரம் தரும் கலவை, அக்னி நட்சத்திரத்து மத்தியானத்தில் பத்து நிமிடம்கூடத் தராது. பிரஷ்ஷை முக்கி எடுப்பதற்குள் டப்பாவிலேயே கெட்டியாகிப் புகைய ஆரம்பிக்கும்.

அதனால் சித்திரை, வைகாசியில் பிரித்துக் காயப் போடுங்கள். ஃபைபர் ஒட்டும் வேலையைத் தை, மாசியில் வைத்துக்கொண்டால் நிம்மதி. அவ்வளவு காத்திருக்க முடியாதவர்கள் விடியற்காலையில் தொடங்கி ஒன்பது மணிக்குள் அன்றைய வேலையை முடித்துவிட வேண்டும். மழை மாதங்களில் ஈரக்காற்று ஒட்டுதலைக் கெடுக்கும் என்பதால் அப்போது ரெசினைத் தொடவே வேண்டாம்.

அழுகல் எதுவரை போயிருக்கிறது

சின்னச் சுத்தியலின் பிடியால் டிரான்சம் முழுவதும் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல மரம் இருக்கும் இடத்தில் கணீரென்று சத்தம் வரும். அழுகிய இடத்தில் சத்தம் மந்தமாகும். என்ஜின் மாட்டியிருந்தால் அதன் கீழ்ப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். அதோடு டிரான்சமும் சேர்ந்து அசைந்தால் உள்ளே மரம் போய்விட்டது என்று அர்த்தம். தரைப்பலகையில் நடக்கும்போது மெத்தென்று அமுங்கும் இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டு வையுங்கள்.

சத்தத்தை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். உள்பக்கத்திலிருந்து 6 மில்லிமீட்டர் துளை போட்டு, வரும் தூளைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெளிர் நிறத்தில் காய்ந்து சுருளாக வந்தால் மரம் நன்றாக இருக்கிறது. கறுத்த, ஈரமான, புளித்த வாடை அடிக்கும் சேறு போல வந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். வெளித்தோலைத் துளைத்துவிடாமல் இருக்க, டிரில் பிட்டில் அளவு பார்த்து ஒரு டேப் சுற்றிக்கொள்ளுங்கள். தண்ணீர் வடிக்கும் பிளக் ஓட்டையைச் சுற்றியும், என்ஜின் போல்ட்டுகளுக்குக் கீழேயும், டிரான்சமும் ஸ்ட்ரிங்கரும் சேரும் மூலையிலும் கட்டாயம் பார்க்க வேண்டும். அழுகல் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்பும்.

அழுகிய மரத்துக்குள் ஊசி போட்டு, எபாக்ஸி என்ற ரெசினை மெல்லியதாக ஏற்றினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். உள்ளங்கை அகலத்துக்குக் குறைவான, நன்றாகக் காய்ந்த இடத்துக்கு வேண்டுமானால் அது சரி. என்ஜின் பாரம் தாங்கும் டிரான்சத்துக்கு அந்த வைத்தியத்தை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஈர மரத்துக்குள் ரெசின் ஊறாது. மேலாக ஒரு ஓடு மட்டும்தான் உருவாகும்.

வெட்டுவதற்கு முன் படகைத் தாங்குங்கள்

இந்த ஒரு வேலையில் அவசரப்பட்டால் படகையே இழக்கலாம். உள்ளே இருக்கும் ஸ்ட்ரிங்கர்கள்தான் அடித்தோலின் வடிவத்தைப் பிடித்து வைத்திருக்கின்றன. அவற்றை எடுத்த பிறகு, அடியில் சரியான தாங்கல் இல்லாவிட்டால் தோல் தொய்யும். தொய்ந்த வடிவத்திலேயே புதுக் கட்டையை ஒட்டிவிட்டால் அப்புறம் படகு நேராக ஓடாது.

நடுக்கோட்டில் கட்டைகள் கொடுத்து, இரண்டு பக்கமும் மணல் மூட்டைகளை அடித்தோலின் வளைவுக்குப் பொருந்தும்படி அணைத்து வையுங்கள். முன்முனையான அணியத்திலிருந்து பின்முனையான அமரம் வரை நாலைந்து இடங்களில் தாங்கல் வேண்டும். கொத்தனார் வைத்திருக்கும் ட்யூப் லெவலால் இரண்டு விளிம்பும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு அணியத்திலிருந்து டிரான்சம் நடுவரை நைலான் கயிறு இழுத்துக் கட்டி, ஒவ்வோர் அடிக்கும் கயிற்றிலிருந்து ஸ்ட்ரிங்கர் தலைவரை உள்ள ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். டிரான்சத்தின் கனம், உயரம், சாய்வு மூன்றையும் எழுதுங்கள். சின்ன அவுட்போர்டு படகுகளில் கனம் வழக்கமாக 38 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். உயரம் என்ஜின் ஷாஃப்ட்டைப் பொறுத்தது, 15 அங்குலம் அல்லது 20 அங்குலம். இந்த அளவுகளோடு போட்டோக்களும் எடுத்து வையுங்கள். பிரித்த பிறகு எது எங்கே இருந்தது என்று நினைவு வராது.

தரை, டிரான்சம், ஸ்ட்ரிங்கர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பிடுங்கிப் போடாதீர்கள். தரையை எடுங்கள். பிறகு ஸ்ட்ரிங்கர்களின் பின் நுனியை மட்டும் ஓர் அடி வெட்டிவிட்டு டிரான்சத்தை முடியுங்கள். அதன் பிறகு ஸ்ட்ரிங்கர்களை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். நாள் கொஞ்சம் கூடும், ஆனால் வடிவம் தப்பாது.

பிரிப்பது

நாலு அங்குல கிரைண்டர், கட்டிங் வீல், அகல உளி, சுத்தியல் இருந்தால் போதும். ஃபைபர் தூசி நுரையீரலுக்கும் தோலுக்கும் கெடுதல். துணி முகமூடி இதற்கு உதவாது. தூசிக்கு என்95 வேண்டும். ரெசின் வேலைக்கு, கரைப்பான் ஆவியைப் பிடிக்கும் கார்ட்ரிட்ஜ் வைத்த முகமூடி வேண்டும். கண்ணாடி, முழுக்கை சட்டை, கையுறை போட்டுக்கொண்டு, முன்கையில் பவுடர் தடவிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் பச்சைத் தண்ணீரில் குளியுங்கள். வெந்நீர் ஊற்றினால் தோல் துளைகள் விரிந்து இழை இன்னும் குத்தும் என்பது ஃபைபர் வேலைக்காரர்களின் அனுபவம்.

தரையை ஓரத்தில் இரண்டு மூன்று அங்குலம் விட்டு வெட்டுங்கள். அடியில் ஃபோம் இருந்தால் ஒரு துண்டு அறுத்துப் பிழிந்து பாருங்கள். தண்ணீர் சொட்டினால் மொத்தத்தையும் எடுத்துவிட வேண்டியதுதான். ஊறிய ஃபோம் வெயிலில் காயாது.

டிரான்சத்தை உள்பக்கத்திலிருந்து எடுப்பதே நல்லது. வெளித்தோலும் அதன் வழவழப்பும் அப்படியே நிற்கும். உள்தோலைச் சுற்றிலும் வெட்டி உரித்துவிட்டு, மரத்தைச் சிறு கட்டங்களாக ஆழம் பார்த்து அறுத்து, உளியால் பெயர்த்தெடுங்கள். மேல்தளம் இடைஞ்சலாக இருக்கும் படகுகளில் மட்டும் வெளியிலிருந்து செய்யலாம். அப்போது முடிவில் வெளிப்பக்கத்துக்கு வழவழப்பான மேல்பூச்சான ஜெல்கோட்டும் பாலிஷும் தேவைப்படும்.

வெட்டி எடுத்த ஃபைபர் துண்டு ஒன்றைத் திறந்த வெளியில், புகை உங்கள் மேல் வராதபடி காற்று வரும் பக்கம் நின்று எரித்துப் பாருங்கள். ரெசின் எரிந்து போய், கண்ணாடி இழை அடுக்கு அடுக்காக நிற்கும். எத்தனை மேட் (துண்டு இழைகள் கலந்து படிந்த விரிப்பு), எத்தனை ரோவிங் (தடித்த இழையில் நெய்த துணி) என்று எண்ணிவிடலாம். புதிதாகப் போடும் அடுக்கு அதைவிடக் குறையக்கூடாது. யாரிடமும் கேட்காமல் உங்கள் படகுக்கே உரிய கணக்கு இதில் கிடைத்துவிடும்.

பிறகு காயப் போடுங்கள். அணியத்தைத் தூக்கி வைத்து, பிளக்கைக் கழற்றி, மேலே நிழல் பந்தல் போட்டுக் காற்று ஓட விடுங்கள். காய்ந்ததா என்று பார்க்க, பாலித்தீன் தாள் ஒன்றை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டிவிட்டு மறுநாள் காலையில் பாருங்கள். தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

என்ன வாங்குவது

பிளைவுட்டில் ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் கிரேடு மட்டும். ஐஎஸ் 303 பிளை சமையலறை அலமாரிக்குச் சரி, படகுக்குள் வேண்டாம். தேக்கு போடலாமா என்று கேட்பார்கள். திடமான மரக்கட்டை குறுக்குவாட்டில் விரிந்து சுருங்கி ஃபைபர் தோலைப் பிளக்கும். தேக்கில் எண்ணெய் இருப்பதால் ரெசினும் சரியாகப் பிடிக்காது. ஸ்ட்ரிங்கருக்கு மரமே வேண்டாம் என்று நினைப்பவர்கள் கெட்டியான ஃபோமை அச்சாக வைத்து, மேலே ஃபைபரைக் கனமாகப் போடலாம். அங்கே பாரம் தாங்குவது தோல்தான். டிரான்சம் அப்படியல்ல. என்ஜின் போல்ட் இறுக்கும் அழுத்தத்தைத் தாங்க உள்ளே கெட்டியான பொருள் வேண்டும்.

ரெசினில் என் தேர்வு இது. டிரான்சம் முழுவதற்கும் எபாக்ஸி. ஸ்ட்ரிங்கருக்கும் தரைக்கும் பணம் இருந்தால் எபாக்ஸி, இல்லாவிட்டால் பாலியஸ்டர் ரெசினில் ஐசோ வகை. பழைய பாலியஸ்டர் மேலும் மரத்தின் மேலும் எபாக்ஸி பிடிக்கும் அளவுக்குப் பாலியஸ்டர் பிடிக்காது. எபாக்ஸி காய்ந்த இடத்தின் மேல் பாலியஸ்டரை நம்பி ஒட்டவும் முடியாது. இரண்டும் சந்திக்கும் மூட்டுகளில் எபாக்ஸியே மேலே வர வேண்டும். சாதாரண மேட்டில் இழைகளைப் பிடித்திருக்கும் பசை பாலியஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும். எபாக்ஸிக்கு நெய்த துணியோ, இரண்டு திசையில் இழை ஓடும் பையாக்சியல் துணியோ வாங்குங்கள்.

கலவை விஷயத்தில் உயிர் ஆபத்து ஒன்று இருக்கிறது. பாலியஸ்டர் ரெசினோடு வேகம் கூட்டும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட்டையும் தனித்தனி பாட்டிலில் தருவார்கள். அந்த இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று சேர்த்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். முதலில் ரெசினில் கோபால்ட்டை ஊற்றி நன்றாகக் கலக்க வேண்டும். கேட்டலிஸ்ட் அப்புறம்தான். கடையில் வாங்கும்போதே கோபால்ட் கலந்த ரெசினா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். உடனே கால் மணி நேரம் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேட்டலிஸ்ட் அளவு 1 கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 கிராம். வெயிலுக்குப் பயந்து 10 கிராமுக்குக் கீழே குறைத்தால் ரெசின் முழுமையாக இறுகாது, பின்னாலும் இறுகாது. வேகத்தைக் குறைக்க வேண்டுமென்றால் கோபால்ட்டைக் குறையுங்கள். எபாக்ஸியில் ஹார்ட்னர் விகிதத்தைத் தொடவே கூடாது. அதற்கு ஸ்லோ ஹார்ட்னர் தனியாகக் கிடைக்கும், நம் ஊருக்கு அதுதான் சரி. எதுவானாலும் சின்னச் சின்ன அளவாகக் கலந்து, உடனே அகலத் தட்டில் ஊற்றிப் பரப்பிவிடுங்கள். டப்பாவில் ஆழமாக நிற்கும் ரெசின் தன் சூட்டிலேயே கொதிக்கும்.

டிரான்சம்

உள்ளே எண்ணெயோ மண்ணெண்ணெயோ ஊறியிருந்தால் முதலில் அசிட்டோனால் துடைத்துவிட்டு அப்புறம்தான் கிரைண்டர். முதலிலேயே தேய்த்தால் எண்ணெயைத் தோலுக்குள் தேய்த்து ஏற்றுவதாகிவிடும். 36 அல்லது 40 நம்பர் டிஸ்க்கால் பளபளப்பு முழுவதும் போகும்வரை தேயுங்கள். பக்கவாட்டிலும் அடியிலும் ஆறு ஏழு அங்குலம் தேய்த்து வைத்தால் பிறகு துணி ஒட்ட இடம் கிடைக்கும்.

அட்டையில் அச்சு வெட்டி, பொருந்தும்வரை திருத்தி, அதைப் பிளைவுட்டுக்கு மாற்றுங்கள். 18 மில்லிமீட்டர் பிளை இரண்டு. மூலைகளில் இறுக்கமாக முட்ட வேண்டாம், சுற்றிலும் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். ரெசின் இல்லாமல் ஒருமுறை வைத்து, கிளாம்ப் எல்லாம் மாட்டி ஒத்திகை பாருங்கள். ரெசின் கலந்த பிறகு கிளாம்ப் தேடி ஓட நேரமிருக்காது.

பிளையின் எல்லாப் பக்கமும் ஹார்ட்னர் கலந்த, ஆனால் பொடி எதுவும் சேர்க்காத எபாக்ஸியைத் தடவி ஊற விடுங்கள். வெட்டிய ஓரங்கள் அதிகம் குடிக்கும். அவை குடிப்பதை நிறுத்தும்வரை திரும்பத் திரும்பத் தடவுங்கள். பிறகு ஏரோசில் என்ற மெல்லிய சிலிக்கா பொடி கலந்து வெண்ணெய் பதத்துக்குக் கெட்டியாக்கிய எபாக்ஸியை வெளித்தோலின் உள்பக்கத்திலும் பலகையிலும் பல் கரண்டியால் வரிவரியாக இழுத்து, பலகையை அழுத்தி வையுங்கள். இரண்டு பலகைக்கு நடுவிலும் இதே போலத்தான். மேல்பகுதிக்கு சி கிளாம்ப். கிளாம்ப் எட்டாத கீழ்ப்பகுதிக்குப் பழைய போல்ட் ஓட்டைகள் வழியே தற்காலிக போல்ட் போடலாம், அல்லது உள்ளிருந்து கட்டையை முட்டுக் கொடுக்கலாம். வெளித்தோல் அலை அலையாக நெளியாமல் இருக்க, பாலித்தீன் சுற்றிய நேரான பலகையை வெளியே அணை கொடுங்கள். ஓரமெல்லாம் பசை பிதுங்கி வரும் அளவுக்கு இறுக்கினால் போதும். அதற்கு மேல் இறுக்கினால் ஒட்ட வேண்டிய பசை முழுவதும் வெளியேறிவிடும்.

இறுகிய மறுநாள், சுற்றிலும் உள்ள இடைவெளியைக் கெட்டியான எபாக்ஸியால் நிரப்பி, மூலையை விரல் வளைவுக்கு உருட்டி விடுங்கள். கண்ணாடித் துணி செங்கோணத்தில் மடியாது. மடக்கினால் உள்ளே காற்று நிற்கும், அந்தக் குழியில் தண்ணீர் சேரும். மேற்பரப்பில் மெழுகு போல ஒரு படலம் தெரிந்தால் தண்ணீரில் கழுவித் தேய்த்துவிட்டுத் தொடருங்கள். உள்தோலுக்கு மூன்று நான்கு அடுக்கு, ஒவ்வொன்றும் முந்தையதைவிட இரண்டு அங்குலம் தள்ளி முடிய வேண்டும். எல்லா ஓரமும் ஒரே கோட்டில் முடிந்தால் அந்தக் கோட்டில்தான் பின்னால் விரிசல் விடும்.

ஸ்ட்ரிங்கரும் தரையும்

கயிறு பிடித்து எடுத்த அளவுகள் இங்கே உதவும். கட்டையை அடித்தோல் மேல் நேரடியாக உட்கார வைக்காதீர்கள். கீழே கெட்டி ரெசின் படுக்கை போட்டு, தோலுக்கும் கட்டைக்கும் நடுவில் 5 மில்லிமீட்டர் இருக்கும்படி அமர்த்துங்கள். கூரான மரவிளிம்பு தோலில் முட்டிக்கொண்டிருந்தால், அலையில் படகு அடிபடும்போது அந்த இடம் உடையும். கட்டையின் தலை ஓரங்களை உருட்டிச் சீவிவிட்டால் துணி படிந்து நிற்கும்.

பாலியஸ்டரில் செய்பவர்கள் ஒரு மேட், ஒரு ரோவிங், மறுபடி ஒரு மேட் என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். 450 கிராம் மேட் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ ரெசின் இழுக்கும். ரோவிங் தன் எடை அளவே குடிக்கும். ரோலரால் காற்றுக் குமிழி முழுவதையும் ஓரத்துக்குத் தள்ளுங்கள். வெள்ளையாகத் தெரியும் இடம் ரெசின் படாத இடம்.

தண்ணீர் பிளக் பக்கம் ஓட, ஸ்ட்ரிங்கரின் அடியில் வழி வேண்டும். ஓட்டை போட்டு மரத்தை அப்படியே விட்டால் போட்ட உழைப்பெல்லாம் வீண். ஓட்டையைப் பெரிதாக்கி, பிவிசி பைப் துண்டைச் சொருகி, சுற்றிலும் எபாக்ஸியால் அடையுங்கள்.

தரைக்கு 12 மில்லிமீட்டர் பிளை. மேல்பக்கத்தை அழகாகச் செய்துவிட்டு அடிப்பக்கத்தைப் பச்சை மரமாக விட்டுவிடுவது பல படகுகளில் கண்ட குறை. ஈரம் தங்குவதே அடியில்தான். முதலில் அடிப்பக்கத்துக்கு ரெசினும் ஓர் அடுக்கு மேட்டும் போட்டுக் காய வைத்து, அதன் பிறகு உட்கார வையுங்கள். ஃபோமை எடுத்திருந்தால் கட்டாயம் புதிது போடுங்கள். அது இல்லாவிட்டால், கவிழ்ந்து தண்ணீர் நிறைந்த ஃபைபர் படகு என்ஜின் பாரத்தோடு மூழ்கிவிடும். தண்ணீர் குடிக்காத வகை ஃபோமாக வாங்கி, அடியில் தண்ணீர் ஓட இடம் விட்டு நிரப்புங்கள்.

ஓட்டைகள்

இனி இந்தப் படகில் மரத்தைத் தொடும் ஒவ்வோர் ஓட்டையும் இப்படித்தான் இருக்க வேண்டும்: தேவையான அளவைவிடப் பெரிதாகத் துளைத்து, முழுவதும் கெட்டி எபாக்ஸியால் நிரப்பி, இறுகிய பிறகு நடுவில் சரியான அளவுக்கு மறுபடி துளையிடுங்கள். போல்ட் எபாக்ஸியைத்தான் தொட வேண்டும், மரத்தை அல்ல. என்ஜின் போல்ட், பிளக், கொக்கி, துடுப்புத் தாங்கி, சின்ன கிளிப் ஸ்குரூ எதற்கும் விலக்கு இல்லை. போல்ட் துருப்பிடிக்காத ஸ்டீல், பெரிய வாஷர், சுற்றிலும் பாலியூரித்தேன் சீலன்ட். சிலிக்கானை இதற்குப் பயன்படுத்தாதீர்கள், தண்ணீருக்கடியில் நீண்ட நாள் பிடிக்காது.

ஒரு வாரமாவது இறுக விட்டுவிட்டு என்ஜினை மாட்டுங்கள். ஏரியில் இறக்கும் முன், கரையிலேயே படகுக்குள் சில குடம் தண்ணீர் ஊற்றி, எல்லாம் பிளக் வழியாக ஓடிவிடுகிறதா, எங்காவது தேங்குகிறதா என்று பாருங்கள். முதல் சவாரிக்குப் பிறகு என்ஜின் போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள்.

ஏரி வற்றும் மாதங்களில் படகைக் கவிழ்த்து வைப்பது நல்லது. முடியாவிட்டால் அணியத்தைத் தூக்கி, பிளக்கைக் கழற்றி வையுங்கள். வெறும் மண்ணில் வேண்டாம். நம் ஊர்க் கரையான் மரைன் பிளை என்று பார்த்து விட்டுவிடாது, அதனால் சிமென்ட் கல் மேல் நிற்கட்டும். தார்ப்பாய் போர்த்தினால் காற்றுப் போக இடம் விட்டுக் கட்டுங்கள். அடுத்த மழைக்காலம் முடிந்ததும் அதே சுத்தியல் பிடியால் டிரான்சத்தையும் பிளக் ஓரத்தையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள். எங்காவது சத்தம் மாறியிருந்தால், அந்த இடத்துப் போல்ட்டைக் கழற்றி, காய வைத்து, எபாக்ஸியும் சீலன்ட்டும் புதிதாகப் போட்டால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும்.